முதல் பெட்டி போய்ச் சேரும் வரைக்கும் கூட நில்லுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சிறு உற்பத்தியாளர்களை ஏற்றுமதிக்குத் தயார்ப்படுத்தும் திணைக்களங்கள், வர்த்தக சம்மேளனங்கள், உதவி நிறுவனங்கள் எல்லாவற்றின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு சிறிய உணவு உற்பத்தி நிலையம் நடத்துகிறேன். என்னோடு சேர்த்து 14 பெண்கள். சிவப்பரிசி மா, கறித்தூள், வறுத்த கஜு, இவைதான் எங்கள் சாமான்கள். மட்டக்களப்பு நகரக் கடைகளுக்கும் கல்முனைக்கும் கொடுக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன்பு கனடாவுக்கும் இரண்டு தடவை அனுப்பினோம். மூன்றாம் தடவை அனுப்பவில்லை. ஏன் அது நின்றது, நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் எந்த இடத்தில் நிற்காமல் போயிருக்கும் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கடந்த ஆறு வருடங்களில் ஏற்றுமதி பற்றிய பயிற்சிப் பட்டறைகள் ஒன்பதில் இருந்திருக்கிறேன். அங்கே படித்தது வீண் என்று சொல்ல மாட்டேன். அடக்கவிலை பார்க்கவும், காற்றுப் புகாமல் பொதி செய்யவும், ஒரு கணக்குக் கொப்பியை ஒழுங்காக எழுதவும் அங்கேதான் பழகினேன். நடத்தியவர்கள் நல்ல மனதோடு நடத்தினார்கள். ஆனால் ஒன்பதிலும் கதை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. வெளிநாட்டில் உங்கள் பொருளுக்கு நல்ல கேள்வி இருக்கிறது என்று தொடங்குவார்கள். சான்றிதழ் தந்து படம் எடுத்ததோடு முடியும். அடுத்த நாள் காலையில் நான் யாருக்குப் போன் எடுப்பது, எந்தத் தாளை முதலில் நிரப்புவது என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்ததில்லை.

எனக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான். எங்கள் முதல் பெட்டி வாங்குபவர் கையில் போய்ச் சேர்ந்து, காசு எங்கள் வங்கிக் கணக்கில் விழுந்து, இரண்டாவது ஓடரும் ஒழுங்காகப் போகும் வரைக்கும் எங்களோடு நில்லுங்கள். ஐம்பது பேருக்கு ஒரு நாள் வகுப்பு வைக்கும் செலவில் ஐந்து பேரோடு ஒரு வருடம் நடக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, கனடாக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் இருந்து போன ஒருவர் மூலமாக ரொறன்ரோவில் ஒரு கடைக்காரர் தொடர்பு கிடைத்தது. கறித்தூள் 480 பக்கற் கேட்டார். நாங்கள் பத்து நாள் இரவு பகலாக வறுத்து, இடித்து, அரித்து, கட்டினோம். லேபல் அழகாக இருக்க வேண்டும் என்று மட்டக்களப்பு நகரத்தில் நல்ல அச்சகத்தில் கொடுத்து நாலு நிறத்தில் அடித்தோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தோம். சாமான் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கனடாவில் விற்கும் உணவுப் பக்கற்றில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும் என்று. சத்து விவர அட்டவணையும் அந்த நாட்டு வடிவத்தில் இருக்க வேண்டும். திகதி எழுதுவதற்குக்கூட ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: வருடம், மாதம், நாள் என்ற வரிசை, மாதத்துக்கு இரண்டு மொழிக்கும் பொதுவான இரண்டு எழுத்துக் குறியீடு.

எங்கள் பக்கற்றில் நாள், மாதம், வருடம் என்று நம்மூர் வழக்கப்படி இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், திருப்பி அனுப்பவில்லை. ஆள் வைத்து 480 பக்கற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினார். அந்தக் கூலியை எங்கள் காசில் கழித்தார். அது நியாயம்தான். ஆனால் கழித்தது போக எங்களுக்கு மிஞ்சியது மூலப்பொருள் காசு மட்டும். பத்து நாள் உழைப்புக்கு 14 பேருக்கும் கூலி கொடுக்க நான் நகை அடகு வைத்தேன்.

அந்த லேபலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவர் பத்து நிமிடம் பார்த்திருந்தால் போதும். பத்து நிமிடம்.

இன்னொன்றும் அந்த லேபலில் இருந்தது. எங்கள் கறித்தூளில் கொஞ்சம் கடுகு வறுத்துப் போடுவோம். அது எங்கள் பெரியம்மாவின் கைப்பக்குவம். கனடாவில் கடுகு ஒவ்வாமை தரும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. பக்கற்றில் சொல்லாமல் விற்றால் முழுச் சரக்கையும் கடையில் இருந்து திருப்பி எடுக்க வைப்பார்கள். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 14 பொருட்கள் அப்படிப் பட்டியலில் உண்டு. கடுகும் எள்ளும் அதில் அடக்கம். சேர்மானப் பட்டியலில் அவற்றின் பெயர் மட்டும் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ எடுப்பாகத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் ஒன்பது. கடுகு அதில் இல்லை. எள் 2023 ஜனவரியில் இருந்து சேர்ந்திருக்கிறது. ஒரே அம்மியில் அரைத்த ஒரே தூளுக்கு மூன்று நாட்டுக்கு மூன்று லேபல். இதை எழுதும்போது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு ஒரு வசனம்கூடத் தெரியாது. நாங்கள் கடுகு என்று எழுதியிருந்தோம் என்பது அதிர்ஷ்டம்.

உங்களில் சிலர் இதை வாசித்துவிட்டு, இவை எல்லாம் இணையத்தில் இருக்கின்றனதானே என்று சொல்லக்கூடும். இருக்கின்றன. ஆங்கிலத்தில், சட்ட மொழியில், நூறு பக்கத்துக்குள் இருக்கின்றன. எங்கள் நிலையத்தில் ஆங்கிலம் வாசித்து விளங்கக்கூடியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் இந்த வருடம் கலியாணமாகி வாழைச்சேனைக்குப் போய்விட்டார்.

இரண்டாவது ஓடர் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே பிழை எங்களுடையது. முதல் சரக்கு விற்று முடிந்தது. கடைக்காரர் ஆயிரம் பக்கற் கேட்டார். எங்கள் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் 480ஐச் செய்த மாதிரி ஆயிரத்தைச் செய்ய எங்களுக்குத் தெரியவில்லை. ஒரே தாச்சியில் இரண்டு மடங்கு போட்டு வறுத்தோம். அடியில் கருகியது, மேலே பச்சை. மிளகாயை வேறு கடையில் எடுத்தோம், நிறம் மாறிவிட்டது. ரொறன்ரோவில் பழைய பக்கற்றையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், இது வேறு ஆட்களுடையதா என்று கேட்டாராம். நம் ஆட்கள் ஊர்ப் பாசத்தில் ஒரு தடவை வாங்குவார்கள். அடுத்த தடவை கறி ருசித்தால்தான் வாங்குவார்கள். மூன்றாவது ஓடர் வரவில்லை.

அந்த ஆயிரத்துக்கு முன்னால், வறுக்கும் நேரத்தையும் சூட்டையும் எழுதிவைக்க வேண்டும், ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு இலக்கம் போட வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கற்றை எடுத்து நிலையத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று யாராவது பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் நாங்கள் செய்திருப்போம். பட்டறையில் தரக் கட்டுப்பாடு என்ற சொல்லைத் திரையில் பல தடவை பார்த்திருக்கிறோம். தாச்சிக்குப் பக்கத்தில் நின்று அதைக் காட்டித் தந்தவர் இல்லை.

தரம் என்றால் என்ன என்று எங்களுக்கு உண்மையில் விளங்கியது ஒரு பகல் பொழுதில், கஜுவால். போன வருடம் வளைகுடாப் பக்கத்தில் இருந்து ஒருவர் வட்ஸ்அப்பில், டபிள்யூ 320 இருக்கிறதா என்று கேட்டார். அது என்னவென்று தெரியாமலே இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டேன். பிறகு தேடிப் படித்தேன். அது ஓர் எண்ணிக்கை. ஒரு இறாத்தல் நிறையில் 300 முதல் 320 முழுப் பருப்பு இருந்தால் அந்தத் தரம். டபிள்யூ 240 என்றால் பருப்பு இன்னும் பெரிது, விலையும் கூட.

இதைச் சொன்னதும் பெரியம்மா, “இறாத்தல் எண்டா நம்மட பாண் இறாத்தல்தானே மனே, எண்ணிப் பாப்பம்” என்றார். பாயை விரித்தோம். தராசில் 454 கிராம் நிறுத்துக் கொட்டினோம். பத்துப் பத்தாகக் குவித்து நாலு பேர் எண்ணினோம். 367 வந்தது. அதே மூட்டையில் இன்னொரு இறாத்தல் எடுத்தோம். 412. மூன்றாவது 338. யாரோ பிழையாக எண்ணிவிட்டார்கள் என்று சண்டை வந்து, திரும்பவும் எண்ணினோம். எண்ணிக்கை சரிதான். ஒரே மூட்டைக்குள் மூன்று தரம் கலந்து கிடந்தது. முழு, பாதி, நொறுக்கு என்று பிரித்தால் போதும் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குப் பின்னேரமே ஒரு தங்கச்சி மூன்று அளவு துவாரத்தில் தகரத் தட்டு அடித்துத் தரும்படி பட்டறைக் கடையில் சொல்லிவிட்டு வந்தாள். இப்போது நாங்கள் அதில்தான் பிரிக்கிறோம்.

அந்த வளைகுடா வியாபாரம் நடக்கவில்லை. அவர் சொன்ன விலை எங்களுக்குக் கட்டாது. வியட்நாமும் இந்தியாவும் பெரிய தொழிற்சாலைகளில் இயந்திரத்தால் உடைத்து உலகம் முழுவதற்கும் கொடுக்கின்றன. நாங்கள் தடியால் தட்டி, பால் பட்டுக் கை வெந்து உடைக்கும் கஜுவை அந்த விலைக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. இங்கே உள்ளூரிலேயே அதைவிட நல்ல விலை கிடைக்கிறது. வெறும் பருப்பாக அனுப்பாமல் மிளகு போட்டு, கறிவேப்பிலை போட்டு வறுத்துச் சிறிய பக்கற்றாக அனுப்பினால் ஒருவேளை சரிவரலாம். இந்த முடிவுக்கு வர எனக்கு எட்டு மாதம் எடுத்தது. சந்தை விலை தெரிந்த ஒருவர் என்றால் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் சொல்லியிருப்பார்.

ஆகவே எதை அனுப்பலாம் என்று சொல்வதோடு எதை அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஒரு பட்டறையில் வந்த வளவாளர் ஒருவர், மட்டக்களப்பு எருமைத் தயிரை ஐரோப்பாவுக்கு அனுப்பலாம் என்று மேடையில் சொன்னார். கைதட்டல் அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த, நாலு எருமை வைத்திருக்கும் ஒரு அண்ணன் அன்றைக்கு இரவு நித்திரை கொள்ளவில்லை என்று பிறகு சொன்னார். பாலில் செய்த சாமான் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போக வேண்டும் என்றால் முதலில் அனுப்பும் நாடு அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும், அப்புறம் செய்யும் தொழிற்சாலையும் பட்டியலில் இருக்க வேண்டும். சட்டியில் தயிர் போடும் ஒரு குடும்பம் தனியாக அந்தக் கதவைத் திறக்க முடியாது. அந்த அண்ணனுக்கு அதைச் சொன்னது நான்தான். சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது. அவருடைய தயிருக்குக் கொழும்பு ஹோட்டல்களில் இடம் பிடித்துக் கொடுப்பதும் உங்கள் வேலைதான், அதற்கு ஏற்றுமதி என்று பெயர் இல்லாவிட்டாலும்.

நெசவுக்கும் இதே கதை. மருதமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு கைத்தறிக்காரர் இருக்கிறார். அவருடைய சாறனை எடுத்து ஒருக்கால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரையில் கட்டம் கட்டமாக நிறம் மாறும் இடத்தில் ஒரு இழை பிசகியிருக்காது. ஐரோப்பாவில் வீட்டு அலங்காரத் துணி விற்கும் ஒருவர் அந்தத் துணியை விரும்பிக் கேட்டார். முதல் கேள்வி, சாயம் என்ன? சில அசோ சாயங்கள் உடைந்து புற்றுநோய் தரக்கூடிய அமீன் பொருட்களை விடும் என்பதால், தோலில் படும் துணியில் அவை கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். இவர் சாயத்தைக் கடையில் பொட்டலமாக நிறுத்து வாங்குகிறார். பொட்டலத்தில் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. அவருடைய தறியில் குறை இல்லை, நூலில் குறை இல்லை, கையில் குறையே இல்லை. அந்தப் பொட்டலத்தில் போய் வியாபாரம் நின்றது. நாலைந்து நெசவாளர்கள் சேர்ந்து சான்று உள்ள சாயத்தை மொத்தமாக எடுக்க ஒருவர் ஒழுங்கு செய்து கொடுத்தால் இது தீரும் காரியம்.

எங்கள் பக்கத்தில் மிளகாய்தான் அந்தப் பொட்டலம். ஈரம் சரியாகப் போகாத மிளகாயிலும் கச்சானிலும் ஒருவிதப் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசமும் இல்லை. அமெரிக்காவில் உணவில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரை விடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய்க்கு மொத்தம் 10. அதில் பி1 என்ற வகை மட்டும் 5ஐத் தாண்டக் கூடாது. நான் அரைக் கிலோ தூளைப் பையில் வைத்துக்கொண்டு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் ஆய்வுகூடத்தில் கொடுத்துவிட்டு, அடுத்த இரவு ரயிலில் திரும்பினேன். முடிவை எடுக்க இன்னொரு தடவை. போக வர 600 கிலோமீற்றருக்கு மேல், இரண்டு தடவை, அரைக் கிலோ தூளுக்காக. நிலையத்தில் அந்த நாட்களில் வறுக்க ஆள் குறைவு. மாதத்தில் ஒரு நாள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மாதிரிகளைச் சேகரித்து, முத்திரையிட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோய், முடிவைத் தமிழில் விளக்கத்தோடு திருப்பித் தரும் ஒரு ஏற்பாடு வந்தால் எத்தனை பேருடைய ரயில் பயணம் மிச்சமாகும் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் தூள் அன்றைக்கு அளவுக்குள் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வாங்குபவர்கள் பயப்படக் கூடாது. அதற்குப் பிறகு பாயில் காயவைப்பதை விட்டுவிட்டு, நிலத்தில் இருந்து உயர்ந்த வலைத் தட்டுகளில் போடுகிறோம்.

இந்த நாட்டில் வசதிகளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்றுமதி அபிவிருத்திச் சபை 1979ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வாங்கியவர் காசு தராவிட்டால் இழப்பைத் தாங்குவதற்கு ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் இருக்கிறது. சாமான் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழை வர்த்தகத் திணைக்களம் தருகிறது. தாவரப் பொருட்களுக்குச் சுகாதாரச் சான்று தரக் கட்டுநாயக்காவில் தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச்சலுகையை 2017 மே மாதம் திருப்பித் தந்தது. பிரித்தானியா தன் பங்குக்கு 2023 ஜூனில் புதிய வரிச்சலுகைத் திட்டத்தைத் தொடங்கியது. இலங்கை அதற்குள் இருக்கிறது. ஆனால் படுவான்கரையில் இருந்து இந்தக் கதவுகள் எல்லாம் ஒரே தூரத்தில், ஒரே மாதிரிப் பூட்டித் தெரிகின்றன. எதை முதலில் தட்டுவது?

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஐரோப்பாவுக்கு அந்தச் சலுகையில் அனுப்பும்போது, சரக்கின் பெறுமதி 6000 யூரோவுக்குள் என்றால் இது எங்கள் நாட்டில் உருவானது என்ற கூற்றை அனுப்புபவரே இன்வொய்ஸில் எழுதிவிடலாம். அதற்கு மேலே போனால் ரெக்ஸ் என்ற ஏற்றுமதியாளர் பதிவு முறையில் முதலில் பதிந்திருக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களின் முதல் சரக்கு 6000 யூரோவைத் தொடுவதே இல்லை. இந்த ஒரு தகவல் தெரியாமல் எத்தனை பேர், இது பெரிய கொம்பனிக்காரர்களின் வேலை என்று விலகிப் போயிருப்பார்கள்? அரிசி மா எங்கள் வயல் நெல்லில் செய்தது, எங்கே உருவானது என்பதில் கேள்வி இல்லை. கறித்தூளுக்குள் இந்திய மிளகாய் இருந்தால் சலுகைக்குத் தகுதி வருமா என்பதற்குப் பொருளுக்குப் பொருள் வேறு விதி. சுங்கத்தில் பொருளுக்கு உள்ள குறியீட்டு இலக்கத்தை வைத்துத்தான் எல்லாம். வெறும் அரிசி மா 1102.90இல் போகும், அதில் பால்மாவும் சீனியும் சேர்த்துச் சத்துமாவாக்கினால் 1901 பக்கம் போய்விடும், வரியும் விதியும் மாறிவிடும். இதை எல்லாம் நான் ஒரு ஆளாகக் கற்று முடிப்பதற்குள் வயது போய்விடும். எனக்கு இது தெரிந்த ஒரு ஆளின் போன் இலக்கம் போதும்.

அனுப்பும் செலவு அடுத்தது. ஆகாய மார்க்கமாகப் போனால் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000ஆல் பிரிப்பார்கள். வருவது நிஜ நிறையை விடக் கூட என்றால் அதற்குத்தான் காசு. கல்முனைப் பக்கத்துப் பெண்கள் குழு ஒன்று 60க்கு 40க்கு 40 பெட்டியில் முறுக்கு அனுப்பியது. நிறை 9 கிலோ, காசு 16 கிலோவுக்கு. யாருடைய பிழையும் இல்லை. முறுக்கு அப்படித்தான், காற்றையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். கப்பலில் போனால் மலிவு, ஆனால் கன மீற்றர் கணக்கு. எங்களில் ஒருவருக்கும் தனியாக ஒரு கன மீற்றரை நிரப்பவே மூச்சு முட்டும்.

இங்கேதான் உங்கள் கை வேண்டும் என்று நான் மிகவும் கேட்கிறேன். 20 அடிக் கொள்கலன் ஒன்றில் சுமார் 33 கன மீற்றர் இடம் உண்டு. எங்கள் மாவும் தூளும், மருதமுனைச் சாறனும், அம்பாறை விவசாயிகளின் பச்சைப்பெருமாள் அரிசியும், வாகரைப் பக்கத்துக் கஜுவும் சேர்ந்தால் அதை நிரப்பலாம். முதலில் முழுக் கொள்கலன் வேண்டாம், அதில் ஐந்து கன மீற்றர் போதும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று பக்கத்துச் சாமானும் ஒரே பலகைத் தட்டில் ஏறும். (அந்தப் பலகைத் தட்டும் 56 பாகை சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் மரக்காலையில் தட்டு அடித்தவர்கள் இருக்கிறார்கள்.) கறித்தூள் வாசம் சாறனில் ஏறாமல் கட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதையும் காட்டித் தாருங்கள். நாங்கள் தனித்தனியாக ஒருவரை ஒருவர் நம்பிச் சேர்வது கஷ்டம். யாருடைய பெட்டி முதலில் ஏறும், ஒருவருடைய தாள் பிழையால் மற்றவருடைய சரக்கு கொழும்பில் நின்றால் யார் பொறுப்பு என்ற கேள்வி உடனே வரும். நடுவில் ஒரு பொது ஆள் நின்றால்தான் இது நடக்கும்.

ஒலுவில் துறைமுகத்தை 2013இல் திறந்தபோது இனி எங்கள் சாமான் எங்கள் கரையில் இருந்தே கப்பல் ஏறும் என்று பலர் நம்பினோம். வாய்க்காலை மணல் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. நான் உங்களிடம் துறைமுகம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு லொறி, அதில் எல்லாருக்கும் அளந்து இடம், கொழும்பில் அதை எடுத்துச் சுங்கத்தில் விடுவிக்க ஒரு நல்ல வாஃப் கிளார்க். அவ்வளவுதான்.

காசு விஷயத்தில் ஒன்று மட்டும். வாங்குகிறேன் என்று வருகிற எல்லாரும் வாங்குபவர்கள் இல்லை. மாதிரி அனுப்புங்கள் என்று கேட்டு, ஆறு பேரிடம் ஆறு பெட்டி வாங்கிக்கொண்டு மறைந்தவரை எனக்குத் தெரியும். முன்பணம் எவ்வளவு கேட்பது, எல்.சி. எனும் வங்கிக் கடன் கடிதத்தில் எங்கள் பெயரில் ஒரு எழுத்து மாறினால்கூட வங்கி காசை நிறுத்திவைக்கலாம் என்பது, அந்த நாட்டில் இப்படி ஒரு இறக்குமதியாளர் உண்மையில் இருக்கிறாரா என்பது, கனடா என்றால் 2019இல் வந்த விதியின்படி அவரிடம் இறக்குமதி உரிமம் இருக்கிறதா என்பது, இதை எல்லாம் எங்களுக்காக விசாரித்துச் சொல்லத் தூதரகங்களில் வர்த்தகப் பிரிவுகள் இருக்கின்றன. அவர்களுக்கு எங்கள் சார்பில் ஒரு கடிதம் நீங்கள் எழுதினால் பதில் வரும். நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் வரவில்லை.

இன்னொரு விஷயத்தில் என் மனதில் உள்ளதை நேரடியாகச் சொல்கிறேன். ஒரே நேரத்தில் பத்து நாடுகளைக் காட்ட வேண்டாம். ஒரு நாட்டைத் தெரிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் பிரித்தானியா. வரிச்சலுகை இருக்கிறது, லேபல் ஒரு மொழியில் முடியும், எங்கள் ருசி தெரிந்த கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைகள் முதல் வாசல். அங்கே ஒரு வருடம் ஒரே தரத்தில் கொடுத்துப் பழகினால், அப்புறம் கோதுமை சேராத உணவு தேடும் வெள்ளைக்காரர்களுடைய கடைக்குள்ளும் சிவப்பரிசி மா போகும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் இது என் ஒருத்தியின் எண்ணம். உங்களிடம் கணக்கு இருக்கும், வேறு நாடு சரி என்றால் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்கிறோம். அந்த ஒரு நாட்டுக்கான லேபல் விதி, சோதனை அளவு, தாள்கள், செலவு எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சின்னப் புத்தகமாக வரட்டும். விதி மாறும்போது அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி அனுப்புங்கள்.

உங்கள் அறிக்கைகளில் எத்தனை பேருக்குப் பயிற்சி என்று ஒரு பெட்டி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குள் நான் ஒன்பது தடவை விழுந்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி போடுங்கள்: எத்தனை பேருக்கு அதே வாங்குபவரிடம் இருந்து இரண்டாவது, மூன்றாவது ஓடர் வந்தது. முதல் வருடம் அந்த எண்ணிக்கை மூன்றாகவோ நாலாகவோ இருக்கட்டும். அதற்காக உங்களை ஒருவரும் குறை சொல்ல மாட்டோம்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்வதையும் சொல்கிறேன். இப்போது ஒவ்வொரு வறுவலுக்கும் நேரமும் நிறையும் கொப்பியில் எழுதுகிறோம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பக்கற் அலுமாரியில் இருக்கிறது. தாச்சியில் எவ்வளவு போடலாம் என்று சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். ரொறன்ரோக் கடைக்காரருக்குப் போன மாதம் போன் எடுத்து, இரண்டாவது தடவை நடந்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு தடவை மாதிரி அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

அதற்கான புதிய லேபல் என் மேசையில் இருக்கிறது. பிரெஞ்சுப் பகுதியை பிரான்சில் இருக்கும் என் தங்கச்சியின் மகள் எழுதித் தந்தாள். கடுகைத் தனியாகக் காட்டியிருக்கிறோம். திகதியை வருடத்தில் இருந்து தொடங்கியிருக்கிறோம். சத்து விவர அட்டவணைதான் சரியா என்று தெரியவில்லை. அச்சகத்தில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள், இன்னும் கொடுக்கவில்லை. உங்களில் யாராவது ஒருவர் வந்து அதைப் பார்த்துத் தாருங்கள். புதன்கிழமைகளில் வறுக்கிறோம், அன்றைக்கு 14 பேரும் நிலையத்தில் இருப்போம்.

இப்படிக்கு,
படுவான்கரையில் இருந்து ஒரு உற்பத்தியாளர்